முதல் மிடறு எயுலாலியாவுக்கு

எங்கள் பக்கத்தில் பித்தோ விற்கிறவள் முதல் மிடறைத் தானே குடித்துக் காட்ட வேண்டும். சிவப்புச் சோளத்தை முளைகட்டி, காய்ச்சி, வடித்து, நுரைக்க விட்ட அந்தக் கள்ளைப் பானையிலிருந்து சுரைக்குடுவையில் மொண்டு, வாங்க வந்தவனின் கண் முன்னால் ஒரு வாய் குடித்த பிறகுதான் நீட்டலாம். இதில் விஷம் இல்லை, கெட்டுப்போகவும் இல்லை என்பதற்கு அவள் வயிறே சாட்சி. தாங்பா சந்தையில் இருபது பெண்கள் பித்தோ விற்கிறார்கள். எயுலாலியா மட்டும் குடித்துவிட்டு, உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "செத்தனா? இல்லல்ல. இந்தா, குடி" என்பாள். அதற்காகவே அவள் வேப்பமரத்தடியில் கூட்டம் கூடும்.

நான் பக்கத்து ஊர்க்காரி. தாங்பா மருந்தகத்தில் பன்னிரண்டு வருடமாகப் பிரசவம் பார்க்கிறேன். எயுலாலியாவின் பிள்ளைகள் எல்லோரையும் முதலில் தொட்ட கை என்னுடையது.

அவளுடைய அப்பா ஜீல் வாசித்தவர். குச்சியால் தட்டி வாசிக்கும் பதினான்கு மரச்சட்டங்கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சுரைக்குடுக்கை, குடுக்கையின் துளைகளை மூடிச் சிலந்திக்கூட்டின் மெல்லிய தோல். அந்தத் தோல் அதிர்வதால்தான் ஜீலுக்கு அந்த ரீங்காரம். சுவரிலிருந்து சிலந்திக்கூட்டைக் கிழியாமல் உரிக்கச் சின்ன விரல்கள் வேண்டும் என்பதால் அந்த வேலை மகளுக்கு வந்தது. உரிக்கலாம், ஒட்டலாம், வாசிக்கக் கூடாது. ஜீல் வாசித்த பெண்ணின் வயிற்றில் கரு தங்காது என்பது எங்கள் பெரியவர்களின் கண்டுபிடிப்பு. எந்தப் பெண்ணை வாசிக்க விட்டுப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

எட்டு வயதில் எயுலாலியா வாசித்தாள். எல்லோரும் வயலுக்குப் போயிருந்த பகல்களில், எத்தனையோ முறை. ஒருநாள் மழைக்கு ஒதுங்க வந்த பெரியம்மா பார்த்துவிட்டாள். அடி விழுந்தது. ஊர் முழுக்கத் தெரிந்தது.

பதினெட்டு வயதில் பாயோரைக் கட்டினாள். ஆறு வருடம் பிள்ளையில்லை. பாயோருக்கு அப்பா இல்லை. வீட்டில் சொல் அவனுடைய சித்தப்பா தெங்கானுடையது. "ஜீல் தொட்டவள்" என்று தெங்கான் சொன்னார், அத்தோடு தீர்ந்தது. பித்தோப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் அப்பா வீட்டுக்கு நடந்து வந்தாள். பாயோரையும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டலாமே என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அவரைக் கல்லால் அடித்திருப்பார்கள்.

இரண்டு வருடம் கழித்து ஜீல் செய்கிற சோம்தா அவளைக் கட்டிக்கொண்டான். மூன்று பிள்ளைகள், வரிசையாக. அப்போதாவது தெங்கானின் வாய் அடைத்திருக்க வேண்டும். அடைக்கவில்லை. சோம்தா மூதாதையருக்குக் கோழி கொடுத்துத் தோஷத்தைக் கழித்துவிட்டான் என்றார். சோம்தாவிடம் கேட்டேன்.

"கோழியா சிஸ்டர்? கல்யாணத்தன்னிக்கு ஒண்ணு அறுத்தோம். நாங்கதான் தின்னோம். மூதாதையருக்கு எலும்புகூட மிஞ்சல."

நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்தது.

பாயோர் இரண்டாவதாகப் பெர்பெத்துவாவைக் கட்டியிருந்தான். அவளுக்கும் ஐந்து வருடமாகப் பிள்ளையில்லை. போன வருடத்துக்கு முந்தின வருடம், அறுவடை முடிந்த சமயத்தில், அவள் வேப்பமரத்தடிக்கு வந்து எயுலாலியாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"அறுவடை ஆட்டம் முடிஞ்சதும் எங்கண்ணன்மாருக்கு ஆள் அனுப்பப் போறாங்களாம்க்கா. வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லி."

"என்ன காரணமாம்?"

"சின்ன வயசுல ஜீல் தொட்டிருப்பேனாம். சத்தியமா நான் தொட்டதே இல்லக்கா. எங்க வீட்டுல ஜீலே கிடையாது."

"தொட்டிருந்தாத்தான் என்ன?" என்றாள் எயுலாலியா. பானைக்குள் குடுவையை விட்டாள், எடுத்தாள், குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "சிஸ்டர், எனக்கு எத்தனை வாரம்னு சொன்ன?" என்று கேட்டாள்.

"பதினொண்ணு."

"போதும்."

வயிற்றுப் பிள்ளையோடு ஊர் முன்னால் ஜீல் வாசிக்க நினைக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஜீலுக்குப் பயந்து அல்ல. தங்கும் கருக்களில் பத்துக்கு ஒன்றோ இரண்டோ காரணம் சொல்லாமல் கலைந்துபோகும். கோழி கொடுத்தவளுக்கும் கலையும், கொடுக்காதவளுக்கும் கலையும். அந்தக் கணக்குக்கு ஜீலும் தெரியாது, தெங்கானும் தெரியாது. ஆனால் அது அவளுக்கு நேர்ந்துவிட்டால், இந்தப் பொய்யை இன்னும் நூறு வருடத்துக்கு அசைக்க முடியாது. நம்பிக்கையே இல்லாத நான்தான் அந்த ஊரிலேயே அதிகமாகப் பயந்தேன்.

"ஏழு மாசம் ஆகட்டுமே" என்றேன். "அப்புறம் வாசி."

"அப்ப என்ன சொல்வாங்க? புள்ள முழுசா உருவானப்புறம் வாசிச்சா, அதனால ஒண்ணும் ஆகலன்னு. பானை காலியானப்புறம் முதல் மிடறு குடிச்சா எவன் நம்புவான்?"

அறுவடை முடிந்து ஊரே ஆடும் பேவா ஆட்டத்தன்று மத்தியான வெயில் சாய்ந்ததும் வட்டம் கூடிவிட்டது. ஆண்கள் காலில் இரும்புச் சலங்கை, பெண்கள் இடுப்பில் புதுத்துணி. நடுவில் இரண்டு ஜீல். ஒன்றில் சோம்தா ராகத்தை எடுத்துக்கொடுக்க, மற்றதில் அவன் தம்பி அதைத் தாங்கி வாசிப்பான். முதல் பாட்டு முடிந்து எல்லோரும் வியர்வை துடைக்கும்போது எயுலாலியா வட்டத்துக்குள் வந்து, தெங்கானின் முன்னால் ஒரு குடுவை பித்தோவோடு நின்றாள். வழக்கப்படி முதல் வாயைத் தான் குடித்தாள். நாக்கு நனைந்தால் போதும் என்று நான் சொல்லி வைத்திருந்தேன், அவ்வளவுதான் குடித்தாள். அவர் வாங்கிக் குடித்து முடித்த பிறகுதான் கேட்டாள்.

"மாமா, எம்மேல உங்களுக்கு நம்பிக்கை இருக்கா?"

"உம் பித்தோ மேல இருக்கு."

"அதே மாதிரிதான் இதுவும். எனக்கு இப்ப மூணாவது மாசம். சிஸ்டர் சாட்சி. இன்னிக்கு எல்லார் முன்னாலயும் வாசிக்கிறேன். கோழி கிடையாது, பரிகாரம் கிடையாது. கரு கலைஞ்சா நீங்க சொன்னது நிசம். பொறந்தா, பெர்பெத்துவாவ அந்தக் காரணம் சொல்லி யாரும் அனுப்பக் கூடாது. அதுவரைக்கும் அவ உங்க வீட்டுலதான் இருக்கணும்."

"ஏ புள்ள, உனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா" என்றார் தெங்கான்.

"பயமா இருந்தா விடுங்க மாமா."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. ஊர் முன்னால் ஒரு பித்தோக்காரிக்குப் பயந்தவர் என்ற பெயரோடு வீட்டுக்குப் போக அவரால் முடியாது. "வாசி, வாசி. வயிறு உன்னோடது" என்றார்.

சோம்தாவைப் பார்த்தேன். மணையிலிருந்து எழுந்து, டயர் ரப்பர் சுற்றிய குச்சிகளை அவள் கையில் கொடுத்தான். "மூணாவது சட்டம் கொஞ்சம் தளர்ந்திருக்கு. பாத்து அடி" என்று மட்டும் சொன்னான்.

இருபத்தைந்து வருடம் அடக்கி வைத்திருந்த கை. தொடக்கத்தில் தடுமாறியது, இரண்டு இடத்தில் தப்பு விழுந்தது. பிறகு இடது கை தன் வழியைக் கண்டுபிடித்தது, வலது கை அதன் மேல் ஏறிக்கொண்டது. கொழுந்தன் ஒரு நொடி திகைத்துவிட்டுக் கூடச் சேர்ந்துகொண்டான். ஆடக் கூடாது என்று நினைத்தவர்கள் கைகளைக் கட்டிக்கொண்டுதான் நின்றார்கள். ஆனால் பேவா கைகளால் ஆடுவதல்ல. ஒரு சலங்கை அசைந்தது, பிறகு இன்னொன்று. தெங்கானின் வலது குதிகால் தரையைத் தட்டியதை நான் பார்த்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு ஏழு மாதம் ஊரே அவள் வயிற்றைக் காவல் காத்தது. தண்ணீர்க்குடம் தூக்கினால் எத்தனையாவது குடம் என்று பத்துப் பேர் எண்ணினார்கள். மாதா கோயிலில் எழுந்து நின்றால் பின்வரிசையில் கிசுகிசு.

ஜனவரியில், வறண்ட காற்று புழுதியை வாரி இறைத்த நாட்களில், ஒரு காலை அவள் தனியாக மருந்தகத்துக்கு வந்தாள். துணியில் கொஞ்சம் ரத்தம். படுக்க வைத்தேன். குழந்தையின் இதயம் துடித்துக்கொண்டுதான் இருந்தது.

"எழுதி வையி சிஸ்டர்" என்றாள் கூரையைப் பார்த்தபடி.

"என்ன எழுத?"

"எது நடந்தாலும் அது ஜீல் வாசிச்சதால இல்லன்னு. உன் நோட்டுல, தேதி போட்டு. நான் அழுதாலும் அத நீ மாத்தி எழுதக் கூடாது."

எழுதினேன். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது.

பத்து நாள் எழுந்திருக்கக் கூடாது என்றேன். அவளுக்குக் காய்ச்சல் என்று ஊரில் சொன்னோம். அந்தப் பத்து நாளும் பெர்பெத்துவா வந்து சோளம் முளைகட்டினாள், விறகு சுமந்தாள், பித்தோ காய்ச்சினாள், சந்தையில் விற்றாள். கூலிக்குப் போவதாகத் தெங்கான் வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். முதல் மிடறு குடித்து, "செத்தனா?" என்று அவள் கேட்டபோது குரல் சரியாக வரவில்லை என்று வாடிக்கைக்காரர்கள் குறைபட்டார்கள். பித்தோவில் குறை சொல்லவில்லை.

ஜூன் முதல் வாரம், விதைப்புக்கு நடுவில், சந்தை நாள் காலையில் குழந்தை பிறந்தது. பெண். மூன்று கிலோ நூறு கிராம். அழுகுரல் கேட்டதும் வெளியே காத்திருந்த சந்தைப் பெண்கள் குலவையிட்டார்கள். நான் அந்த நோட்டை எடுத்துத் தேதி போட்டு எடையை எழுதினேன்.

மூன்றாம் நாள் தெங்கான் பார்க்க வந்தார். துணியை விலக்கிக் கைவிரல்களை எண்ணினார், கால்விரல்களை எண்ணினார். எல்லாம் சரியாக இருந்தது.

"பையனா பொறந்திருக்கும்" என்றார். "ஜீல்தான் இத பொண்ணாக்கிருச்சு."

எயுலாலியா குழந்தையை மார்பில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "அப்படின்னா உங்க வீட்டுல பொறந்த ஆறு பொண்ணுக்கும் வாசிச்சது யாரு மாமா? நீங்களா?"

அவர் எழுந்து போய்விட்டார். ஆனால் ஊர் முன்னால் கொடுத்த வாக்கு. பெர்பெத்துவாவின் அண்ணன்களுக்கு ஆள் போகவில்லை.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் பாயோர் மருந்தகத்துக்கு வந்தான். கதவைச் சாத்திவிட்டு, தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு, "ஆம்பளைங்களையும் பாக்குற டாக்டரு எந்தக் கிழமை வர்றாரு சிஸ்டர்?" என்று கேட்டான். சொன்னேன். போனான். பிறகு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டில் என்ன இருந்தது என்பது அவன் விஷயம்; நான் எழுத மாட்டேன். அதைக் கேட்பதற்கு ஒரு ஆணுக்குப் பதினைந்து வருடமும் இரண்டு பெண்களும் ஆகியிருக்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

போன நவம்பரில் பேவா. சோம்தாவின் தம்பி ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போயிருந்தான். முதல் ஜீலில் எயுலாலியா, முதுகில் துணியால் கட்டிய குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவதில் பெர்பெத்துவா. எயுலாலியாவின் வீட்டு முற்றத்தில் நான்கு மாதம் பழகியிருந்தாள். அவசரமாக வாசித்தாள், வியர்வை கண்ணில் இறங்கியது. சோம்தா வட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தான். அவன் அத்தனை மோசமாக ஆடுவான் என்று அதுவரை ஊருக்குத் தெரியாது.

பாட்டு முடிந்ததும் தெங்கான் என் பக்கத்தில் வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தார். முகத்தில் கோபம். சரி, ஆரம்பிக்கிறார் என்று நினைத்து நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"எங்க வீட்டு மருமகளப் பாரு சிஸ்டர்" என்றார். "என்னமா வேகமா அடிக்கிறா. வயசானவன் எப்படி ஆடுறது? கொஞ்சம் நிதானமா அடிக்கச் சொல்லு."

"நீங்களே சொல்லுங்க" என்றேன்.

எழுந்து போய்ச் சொன்னார். பெர்பெத்துவா தலையாட்டினாள். அடுத்த பாட்டையும் அதே வேகத்தில் தொடங்கினாள்.