மாம்பழத்தின் மேல் போட்ட பழி

எனக்குச் சர்க்கரை நோய் என்று திருப்பதி ஆஸ்பத்திரியில் சொன்னபோது எனக்குப் பத்தொன்பது வயது. அம்மாவின் தம்பி பெங்களூரிலிருந்து வந்தார். புதிதாகக் கிடைத்த கம்ப்யூட்டர் வேலை; எனக்கென்று பேசி வைத்திருந்த மாப்பிள்ளையும் அவர்தான். கட்டிலருகே நின்றுகொண்டு, "எந்நேரமும் மாம்பழம் துன்னுகினே இருந்தா சக்கர வராம என்னா வரும்? எல்லாம் நீ குடுத்த செல்லம்க்கா" என்று அம்மாவைக் கரித்துக் கொட்டினார். பங்காருபாளையத்தில் மாந்தோப்பு வைத்திருப்பவள் அம்மா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டாக்டரம்மாதான் மாம்பழத்தைக் காப்பாற்றினார். நோயோடு சண்டை போடும் டி செல்கள், நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் வளருமாம். சொந்த உடம்பின் மேலேயே பாய்கிறவற்றை அங்கேயே தீர்த்துக்கட்டிவிடுமாம். சில தப்பிவிடும். எனக்குள் தப்பியவை இன்சுலின் சுரக்கும் செல்களைக் கொன்றுவிட்டன. "இதுல யார் மேலயும் தப்பில்ல" என்றார்.

மாமாவின் முகம் தெளிந்தது. "அப்ப ஒன் ரத்தத்துலயே கோளாறு. அதுல பொண்ணு எடுத்தா என் புள்ளைங்க கதி என்னா ஆவுறது?" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

உன் ரத்தமாம்! அவரும் அம்மாவும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்.