கட்டிட்டு ரசீதைக் கொண்டாங்க

1. கேபினில்

மேனேஜர் மேடம். லோன் ஆபீசர் பிரவீன். ஸ்ரீரங்கத்து வாழையிலை வியாபாரி முருகேசன். அவர் மனைவி செல்வி. மகள் கீர்த்தனா. தண்ணீர் கொண்டுபோன நான்.

மேஜைக்கு இந்தப் பக்கம் மூன்று நாற்காலி இருந்தது. யாரும் உட்காரவில்லை.

நான் தென்னூரில் ஒரு வங்கிக் கிளையில் தப்தரியாக இருந்தேன். அன்றன்றைய வவுச்சரை அடுக்கித் தைப்பது, கட்டுக்குத் தேதி எழுதி ரெக்கார்டு ரூமில் வைப்பது, கேட்டால் எடுத்துக் கொடுப்பது. நடுவில் டீ, தண்ணீர். எட்டாவது வரை படித்தேன். முப்பத்தொரு வருடம் வேலை. போன வருடம் ஓய்வு. இப்போது அந்த வேலைக்குக் கான்ட்ராக்டில் ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மேடம் கையில் ஒரு காலேஜ் ரசீது இருந்தது. தொண்ணூற்றாறாயிரம் ரூபாய்க்கு. தேதி மூன்று மாதத்துக்கு முந்தையது.

"இந்த வருஷ பீஸ் நீங்களே கட்டிட்டீங்க. அதுக்கு லோன் தர முடியாதுங்க. நாங்க காலேஜ் அக்கவுண்டுக்குத்தான் நேரா அனுப்புவோம். கட்டின பணத்தைத் திருப்பி உங்க கையில குடுக்க ரூல் இல்ல" என்றார்.

முருகேசன் ரசீதையே பார்த்தார். "கட்டிட்டு ரசீதைக் கொண்டாந்தா போட்டுக் குடுப்பாங்கன்னு சொன்னாங்களேங்க."

"யாரு சொன்னது?"

"விசாரிச்சேங்க."

"யார்கிட்ட?"

"வெளியில ஒருத்தர்கிட்டங்க."

என்னை அவர் பார்க்கவில்லை. செல்வியும் பார்க்கவில்லை. அந்தப் பெண் மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டது.

சொன்னது நான்.

2. நான் சொன்னது

வங்கிக்கு வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. கைலாசபுரத்தில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருக்கிறவர், சம்பளச் சீட்டு வைத்திருக்கிறவர், நேராக மேனேஜர் கேபினுக்குப் போவார். மற்றவர் வாசலில் நின்று முதலில் என்னைக் கேட்பார். நான் சொல்வதை வைத்துத்தான் உள்ளே போகலாமா என்று முடிவு செய்வார். எல்லாக் கிளையிலும் இப்படித்தான்.

முருகேசன் வாசலுக்குக்கூட வரவில்லை. நான் குடியிருப்பதும் ஸ்ரீரங்கம்தான். ஒரு சனிக்கிழமை காலையில் சாத்தார வீதியில் மெஸ் வாசலில் இலைக்கட்டு இறக்கிக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, பாப்பாவுக்கு கவுன்சிலிங்ல இன்ஜினியரிங் சீட் கெடச்சிருக்கு. திங்கக்கெழம பணம் கட்டணும். லோன் தருவீங்களா?"

முதல் பட்டதாரி சலுகை கழித்துத்தான் தொண்ணூற்றாறாயிரம். அரசுப் பள்ளியில் படித்திருந்தால் அந்த ஒதுக்கீட்டில் சீட் கிடைத்து, பீஸை அரசே கட்டியிருக்கும். அவள் படித்தது அரசு உதவி பெறும் தனியார் பள்ளி.

நான் சொன்னேன். "முதல்ல கட்டி சீட்டைப் பிடிங்க. கட்டிட்டு ரசீதைக் கொண்டாங்க. ஒரு மாசத்துல போட்டுக் குடுத்துடுவாங்க."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அன்று இரண்டாவது சனி, வங்கி விடுமுறை. மறுநாள் ஞாயிறு. அடகுக் கடை திறந்திருந்தது. செல்வியின் சங்கிலி, ஒரு ஜோடி வளையல். மூன்றரைப் பவுன். மாதம் இரண்டு வட்டி. ஒரு மாதம்தானே என்று வைத்துவிட்டார்கள்.

பைல் ஒரு மாதத்தில் நகரவில்லை. போர்ட்டலில் விண்ணப்பம் ஒரு தடவை திரும்பியது. வருமானச் சான்றிதழ் பழையது என்றார்கள். முருகேசனுக்கு பான் கார்டு இல்லை. அது வர ஒரு மாதம். நடுவில் லோன் ஆபீசர் மாறி பிரவீன் வந்தார். எல்லாம் சரியாகி மேடம் மேஜைக்குப் பைல் வந்த அன்றுதான் அந்தக் கேபின் பேச்சு.

3. தைத்த கட்டு

"நான்தான் மேடம் சொன்னேன்" என்றேன்.

மேடம் நிமிர்ந்தார். "நீங்களா? எந்த ஸ்கேல் ஆபீசர் நீங்க?"

தண்ணீர் டம்ளரை மேஜையில் வைத்தேன்.

"சாங்ஷன் பண்ற பவர் உங்களுக்கு எப்ப வந்துச்சு சேகர்? சர்க்குலர் ஏதாச்சும் வந்துச்சா? எனக்கு வரல. பிரவீன், உங்களுக்கு வந்துச்சா?"

பிரவீன் பைலுக்குள் சிரித்தார்.

"முன்னாடி தந்திருக்காங்க மேடம். வவுச்சரோட காலேஜ் ரசீது நான் தைச்சிருக்கேன்."

"எத்தன தைச்சீங்க?"

"நாலஞ்சு இருக்கும்."

"அது முந்தின மேனேஜர் அவர் பொறுப்புல செஞ்சது. ஆடிட்ல அதுக்கு ரிமார்க்கும் வாங்கினார். தந்தது உங்க கட்டுல இருக்கும். தரலன்னு திருப்பி அனுப்பினவங்களுக்கு வவுச்சர் எங்க இருக்கும்?"

அத்தனை வருட வேலையில் எனக்கு அது தோன்றியதில்லை. பேங்க் எப்படி நடக்கும் என்பதை நான் தைத்த கட்டிலிருந்துதான் தெரிந்து வைத்திருந்தேன். கட்டில் வருவது காரியம் முடிந்தவர்கள் மட்டும்.

முருகேசன் பேசினார். "மூணு மாசமா வட்டி ஏறுதுங்க. எலையில அவ்வளவு நிக்காதுங்க. பாப்பாவ நிறுத்திடலாம்னு இருக்கேன். காலேஜ்ல எழுதிக் குடுத்தா பாதியாச்சும் திருப்பித் தருவாங்களா?"

"கிளாஸ் ஆரம்பிச்சு இத்தன நாளாச்சு. தர மாட்டாங்க" என்றார் பிரவீன்.

"பரவால்லப்பா. அடுத்த வருஷம் ஆர்ட்ஸ் காலேஜ்ல சேந்துக்கிறேன்" என்றது அந்தப் பெண்.

"நீ வாய மூடு" என்றார் செல்வி. கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான். "கட்டின பணமும் போயி, படிப்பும் போயி, நகையும் போயிடணுமா? மேடம், நீங்க எதைத் தர முடியாதுன்னு சொல்லிட்டீங்க. எதைத் தர முடியும்? அதச் சொல்லுங்க."

மேடம் முதல் தடவையாக "உக்காருங்கம்மா" என்றார். செல்வி உட்கார்ந்தார்.

மேடம் ஒரு தாளில் எழுதினார். மீதி மூன்று வருட பீஸ், லோன். இந்த வருடத்தில் இன்னும் கட்டாத பரீட்சைப் பணம், புத்தகம், லேப்டாப், அதுவும் லோன். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டாம். கட்டிய தொண்ணூற்றாறாயிரத்துக்கு மட்டும் வழி இல்லை.

"நகையை மீட்டு இங்க கொண்டாந்து வைங்க. எங்க நகைக் கடனுக்கு வட்டி அதுல பாதிகூட இல்ல. மெதுவா கட்டலாம்."

"மீக்கப் பணம் வேணுமேங்க" என்றார் முருகேசன்.

"அது நீங்கதான் பாக்கணும்" என்றார் மேடம்.

செல்வி கைப்பையிலிருந்து அடகுச் சீட்டை எடுத்துப் பார்த்தார். "நாளையோட மூணு மாசம். நாளன்னிக்குப் போனா நாலாவது மாச வட்டி முழுசா வாங்குவான்."

மூன்று பேரும் வெளியே போனார்கள். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு நின்றேன்.

"மேடம், என் டெபாசிட் மேல லோன் வேணும். காலையில போட்டுட்டு சாயங்காலம் அடைச்சிடுவேன்."

அவர் என்னைப் பார்த்தார். ஸ்டாப் யாரும் கஸ்டமரோடு பணம் கொடுத்து வாங்கக் கூடாது. மெமோ வரும். எனக்கு ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது.

"உங்க டெபாசிட். எதுக்குன்னு நான் கேக்க மாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க" என்றார். பிறகு, "அப்ரைசர் ஒரு மணிக்குக் கெளம்பிடுவார்" என்றார். நகையை உரசி மதிப்புப் போடுகிறவர் அவர்.

4. ஒரு மணிக்குள்

மறுநாள் பத்தேகாலுக்கு என் கணக்கில் லோன் விழுந்தது. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். தொண்ணூற்றெட்டாயிரம் எடுத்து சாப்பாட்டுப் பையில் டப்பாவுக்குக் கீழே வைத்தேன். சத்திரம் பேருந்து நிலையம் போய் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். காவிரிப் பாலத்தில் பஸ் நின்று நின்று போனது. பதினொன்றரை ஆகிவிட்டது.

முந்தின நாளே நான் சொல்லி வைத்திருந்தபடி அடகுக் கடை வாசலில் முருகேசனும் செல்வியும் நின்றார்கள். அவர் வண்டியில் அன்றைய இலையில் ஒரு கட்டு இறக்காமல் இருந்தது.

கடைக்காரர் சீட்டை வாங்கிப் பார்த்தார். "ஒரு மாசம்னு சொல்லி வெச்சீங்க. மூணு மாசம் கழிச்சு வர்றீங்க. நாலு மாச வட்டியா குடுத்துடுங்க."

"எப்படி நாலு?" என்றார் செல்வி.

"மூணு முடிஞ்சு நாலு பொறந்துடுச்சும்மா."

"வெச்சது பதினாலாந்தேதி. இன்னிக்குப் பதினாலு. உங்க தலைக்கு மேலயே காலண்டர் தொங்குது. நாளைக்கு வந்தா நாலு. இன்னிக்கு மூணு."

"கடைக்குன்னு ஒரு வழக்கம் இருக்கும்மா."

"நேத்து வந்திருந்தா ஒரு நாள் கொறச்சுக்கிட்டிருப்பீங்களா? அந்த வழக்கம் இருக்கா?"

அவர் என்னைப் பார்த்தார். "சார் யாரு?"

"பேங்க்ல இருக்காரு" என்றார் முருகேசன்.

"அதானே. பேங்க் ஆளையே கூட்டிட்டு வந்துட்டீங்க. நாங்க கடையப் பூட்டிட்டு கோயில் வாசல்ல உக்கார வேண்டியதுதான்."

"உக்காருங்க. எலை நான் தரேன்" என்றார் செல்வி.

கடைக்காரர் சிரித்துவிட்டார். மூன்று மாதக் கணக்கே போட்டார். இரண்டு மாத வட்டி ஏற்கனவே கட்டியிருந்தார்கள். அசலும் மூன்றாவது மாத வட்டியும் சேர்த்துத் தொண்ணூற்றேழாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. நான் பையைச் செல்வியிடம் கொடுத்தேன். அவர் எண்ணிக் கொடுத்தார். நகை உள்ளே இருந்து வரக் கால் மணி நேரம்.

மணி பன்னிரண்டே கால். பஸ்ஸுக்கு நின்றால் ஆகாது. இலைக்கட்டை அடகுக் கடை வாசலிலேயே இறக்கிவிட்டு, அந்த வண்டியில் அவர்கள் இரண்டு பேரும் போனார்கள். நகைச் சுருக்குப்பை செல்வியின் கைக்குள். கட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதில் கடைக்காரருக்குக் கோபம். ஆனால் பார்த்துக்கொண்டார். நான் பின்னால் பஸ்ஸில் போனேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஒன்று பத்து. அப்ரைசர் இன்னும் உட்கார்ந்திருந்தார். சங்கிலியை உரசிப் பார்த்து முடித்து வளையலைத் தராசில் வைத்திருந்தார். மேடம் கேபின் கண்ணாடிக்குள் போனில் பேசிக்கொண்டிருந்தார். அப்ரைசர் கிளம்பாமல் இருக்க யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

மூன்று மணிக்குக் கடன் தொகை முருகேசன் கணக்கில் ஏறியது. எடுத்துக்கொண்டு வெளியே டீக்கடைக்கு வந்து என்னிடம் கொடுத்தார். நான் உள்ளே போய் என் லோனை அடைத்தேன். அன்றைய வவுச்சரை மறுநாள் நான்தான் தைத்தேன். என் பற்றும் வரவும் ஒரே கட்டில் இருந்தது.

டீக்கடையில் முருகேசனிடம் சொன்னேன். "அந்த மூணு மாச வட்டி என்னால வந்தது. அதை நான் தரேன்."

"நீங்க காசு வாங்கிட்டா சொன்னீங்க? விடுங்கண்ணே."

செல்வி டீயை வைத்தார். "இவரு விடுவாரு. நான் விடல. பாப்பா பைல் இன்னும் மேடம் மேஜையிலதான் இருக்கு. அது கையெழுத்தாகி வர்ற வரைக்கும் தெனம் ஒரு தடவ பாத்து சொல்லுங்க. அதான் வட்டி."

பதினோரு நாள் பார்த்துச் சொன்னேன். பன்னிரண்டாம் நாள் சாங்ஷன் லெட்டர் வந்தது. கீர்த்தனா இப்போது நான்காம் வருடம் படிக்கிறாள்.

5. இப்போது வருகிறவர்களுக்கு

வாசலில் உங்களைத்தான் கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்லாதீர்கள். ஆபீசரிடம் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்துங்கள். அவர் திட்டினாலும் பரவாயில்லை.

பணம் கட்டுமுன் வரச் சொல்லுங்கள். காலேஜில் பீஸ் விவரத் தாளை வாங்கி வரச் சொல்லுங்கள். லோன் கேட்டிருக்கிறோம் என்று எழுதிக் கொடுத்தால் சில காலேஜ் தவணை தரும். கேட்டால்தான் தரும். அப்பாவின் பான் கார்டு, புது வருமானச் சான்றிதழ் இரண்டும் சீட் வருமுன்பே கையில் இருக்கட்டும். நகை வைத்தே ஆக வேண்டும் என்றால் முதலில் வங்கியில் கேட்கச் சொல்லுங்கள். அன்று சாத்தார வீதியில் இதைக்கூட நான் சொல்லவில்லை. நான் வவுச்சர் தைக்கிற மேஜைக்குப் பக்கத்துக் கவுண்டர்தான் நகைக் கடன்.

முருகேசன் அந்தப் பணத்தைக் கடைசி வரை என்னிடம் வாங்கவில்லை. மூன்று மாதத்துக்கு அவர் கட்டிய வட்டி ஐயாயிரத்து எழுநூற்று அறுபது ரூபாய்.