அறுபது ரூபாய்ச் சிங்கம்

என் வீட்டுக்காரரின் மீசையை ஜமீன்தார் மீசை என்று நினைத்து ஒருவர் விலை போட்டிருந்தார். படத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகுதான் பயம் வந்தது.

எங்கள் பக்கத்தில் பழங்காசு சேர்ப்பவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அன்று காலை அதில், எனக்குத் தெரியாத ஒரு நம்பரிலிருந்து, ஒரு காசின் இரண்டு பக்கமும் வந்திருந்தன. ஒரு பக்கம் அரசுச் சின்னமான நான்முகச் சிங்கம், கீழே ₹60. மறுபக்கம் மாலையும் கழுத்துமாக ஒரு தம்பதி. 'அரசு வெளியிட்டு உடனே திரும்பப் பெற்ற அரிய நினைவு நாணயம். ஜமீன் தம்பதி உருவம். ஒன்றே ஒன்றுதான் உள்ளது' என்று எழுதியிருந்தது. ஒன்று இல்லை, அறுபது இருந்தன. அடிக்கச் சொன்னதே நான்தான்.

நான் இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் ஒரு கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். அங்குலத்துக்கு எத்தனை இழை ஓடுகிறது என்று பூதக்கண்ணாடி வைத்து எண்ண வேண்டும். குறைந்தால் ரோலை ஒதுக்கிவிடுவேன், யார் கெஞ்சினாலும் சரி. அதனால் கம்பெனியில் எனக்கு 'ரிஜெக்ட் அக்கா' என்று பட்டப்பெயர். அதே கண்ணாடியால்தான் இருபது வருடமாகக் காசும் பார்க்கிறேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாடி ஹாலில் எங்கள் கூட்டம் நடக்கும். நடத்துகிறவர் அங்கே இரும்புக்கடை வைத்திருக்கும் ஒரு பாய். நான் கம்பெனியில் கொடுத்த நீல ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன்.

போன வருடம் அந்த மாடியில் ஒருவரை நான் அவமானப்படுத்தினேன். ரத வீதியில் தார்ப்பாய் விரித்துப் பழைய பூட்டு, விளக்கு, காசு விற்கிறவர் அவர். ராமர் பட்டாபிஷேகமும் 1818 என்ற வருடமும் பொறித்த செம்புக்காசு ஒன்றைக் கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு என்று சொல்லி ஒரு தையல்காரம்மாவுக்கு விற்றிருந்தார். அந்தம்மா அதைப் பூஜையில் வைத்துத் தினமும் பூப்போட்டுக்கொண்டிருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே கிடையாது. பின்னால் யாரோ தனியார் அடித்துவிட்ட கற்பனைக் காசு அது. "எனக்குத் தெரியாதும்மா, தெரியாம வாங்கித் தெரியாம வித்துட்டேன்" என்று அவர் சொன்னார். "விக்கத் தெரியுது, இது தெரியாதாக்கும்! மொதல்ல படி எறங்குங்க" என்றேன் நான். இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு அரைமணி நேரம் பிரசங்கம் வேறு செய்தேன். கள்ளக்காசு என்றால் அசலைப் பக்கத்தில் வைத்துப் பிடித்துவிடலாம், கற்பனைக் காசுக்கு அசலே கிடையாது, போகாத ஊருக்கு வழி சொல்கிற காசு அது என்றெல்லாம் பேசினேன். பணம் மாதிரி தோன்றும்படி தனியார் எதையும் அடிக்கக் கூடாது, அரசுச் சின்னத்தைத் தொடவே கூடாது என்று சட்டமும் சொன்னேன். நகைக்கடை லட்சுமி வெள்ளிக்காசில் ரூபாயும் இல்லை சிங்கமும் இல்லை, அதனால் அது யாரையும் ஏமாற்றாது என்று வித்தியாசமும் விளக்கினேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

அப்படிப்பட்டவள்தான் இதைச் செய்தேன். என் வீட்டுக்காரர் போலீசில் எஸ்.ஐ. முப்பத்தாறு வருடச் சர்வீசில் பிள்ளை பிறந்ததற்குக்கூட லீவு போட்டு வராத மனுஷன். இந்த வருடம் மாதத் தொடக்கத்தில் அவருக்கு அறுபதாம் கல்யாணம், அதே மாதக் கடைசியில் ரிட்டயர்மெண்ட். அவர் முகத்தை ஒரு காசில் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. வெளியூரில் அச்சு வெட்டுகிற ஒருவரிடம் போனில் ஆர்டர் கொடுத்தேன். "சிங்கம் போடணுமாக்கா?" என்று அவர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டார். "போடுங்க தம்பி, சிங்கம் இல்லாட்டி காசு மாதிரியே இருக்காது" என்றேன். சட்டம் தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் அது அடுத்த பொய். தெரிந்துதான் செய்தேன். வீட்டு விசேஷம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்ற எண்ணம்.

நெருங்கிய சொந்தத்துக்கு மட்டும் தாம்பூலப் பையில் தேங்காய், வெற்றிலையோடு ஆளுக்கொரு காசு வைத்துக் கொடுத்தோம். அவர் ஒன்றை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "நம்மளயும் காசுல போட்டுட்டியே" என்றார். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை.

அந்தப் பெருமை ஐந்து நாள்கூட நிற்கவில்லை. குழுவில் அந்தப் படம் வந்த கொஞ்ச நேரத்தில் பாய் போன் செய்தார்.

"ஏம்மா, இந்த மீசை எங்கயோ பாத்த மீசையா இருக்கே."

எங்கள் காசுதான் என்று ஒத்துக்கொண்டேன்.

"நீயா இப்படி? சரி விடு. குரூப்ல படத்த எடுக்கச் சொல்லிட்டேன். அது பொய்க் காசுன்னு மட்டுந்தான் அவருகிட்டச் சொன்னேன், யாருதுன்னு சொல்லல. மண்டபத்துல யாரோ பைய மறந்துட்டுப் போயிருக்காங்க, கூட்டுற அம்மா கொண்டுபோயி அவருகிட்ட வித்துருக்கு."

"யாருகிட்ட பாய்?"

"ஒனக்குத் தெரிஞ்சவருதான். போன வருசம் நீ மாடியில இருந்து எறக்கிவிட்டியே, அவருதான்."

கேஸ் என்று வந்தால் ரிட்டயர்மெண்ட் நாளன்று ஆர்டர் வராமல் நிறுத்தி வைக்கப்பட்டவர்கள் கதையைப் போலீஸ் குடியிருப்பில் எத்தனையோ கேட்டிருக்கிறேன். மாலையோடு காத்திருந்த வீட்டில் ஆர்டர் வராமல், மாலை வாடிப்போனதைக் கண்ணால் பார்த்தும் இருக்கிறேன். ரிட்டயர்மெண்டுக்கு இனி மூன்று வாரம்தான். வீட்டுக்காரரிடம் சொன்னால் அவரே நேராக ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிடுவார், அப்படி ஒரு ஆள். அதனால் சொல்லவில்லை. "அந்த ஒண்ண நீங்களே வாங்கித் தந்துருங்க பாய்" என்று கெஞ்சினேன். "அவருக்கும் எனக்கும் சண்டை இல்லம்மா. ஒனக்குத்தான். நீதான் போகணும்" என்று சொல்லிவிட்டார். நான் அதைக் கடைசிக்குத் தள்ளினேன்.

முதலில் சொந்தக்காரர் வீடுகள். தாம்பூலத்தில் வைத்துக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது எங்கள் பக்கம் கேள்விப்படாத காரியம். அதனால் மெருகு போகிறது, முலாம் பூசித் திரும்பத் தருகிறேன் என்று ஒரு காரணம் ஜோடித்தேன். முதல் வீட்டிலேயே மதினி நெஞ்சில் கை வைத்தாள்.

"என்ன மதினி, அறுபதாங் கல்யாணத்துல குடுத்ததத் திருப்பிக் கேக்குறிய? அண்ணனுக்கு எதும் கண்டமா?"

"கண்டமும் இல்ல ஒண்ணும் இல்ல. முலாம் மதினி, முலாம்."

அவளாவது கொடுத்துவிட்டாள். நாலு வீடு தாண்டுவதற்குள் அந்தக் காசில் ஏதோ விசேஷமான உலோகம் கலந்துவிட்டதாக ஊரெல்லாம் பேச்சு. ஆசாரி தவறிப்போய்க் கலந்துவிட்டானாம், அதனால்தான் நான் நாயாய் அலைகிறேனாம். பூஜையில் சும்மா கிடந்த காசெல்லாம் பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டன. கூமாப்பட்டியில் என் சித்தப்பா ஒரு தட்டு நிறையப் பச்சரிசி பரப்பி நடுவில் என் வீட்டுக்காரரை வைத்திருந்தார்.

"என்ன சித்தப்பா இது?"

"அரிசிய இழுக்குதான்னு பாத்தேன். இழுத்தா கோடிக்கணக்குல போகுமாம்லா."

"இழுத்துச்சா?"

"ஒண்ணும் இழுக்கல. ஆனா நீ இம்புட்டுத் தூரம் ரெண்டு பஸ் மாறி வந்துருக்கியே தாயி. அப்ப என்னமோ இருக்கு."

எனக்கு வந்த கோபத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன். அரிசித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சிங்கம், சட்டம், அவருடைய ரிட்டயர்மெண்ட், ஒன்று விடவில்லை. சித்தப்பா தட்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு காசை எடுத்து ஒட்டியிருந்த அரிசியைத் தட்டி என் கையில் வைத்தார். "இத மொதல்லயே சொல்லிருக்க வேண்டியதுதான? மாப்பிள்ளைக்கு ஒண்ணுன்னா நாங்க விட்ருவமா?" என்றார். அதற்கப்புறம் எந்த வீட்டிலும் முலாம் கதையை எடுக்கவில்லை. உள்ளதைச் சொன்னேன், பீரோக்கள் திறந்தன. என் வீட்டுப் பூஜையில் இருந்ததையும் சேர்த்து ஐம்பத்தொன்பது காசு பிஸ்கட் டின்னுக்குள் வந்து சேர்ந்தது.

பாய் கடையில் ஒரு அரம் வாங்கி, வீட்டுக்காரர் டூட்டிக்குப் போன பகல் நேரங்களில் ஒவ்வொன்றாக ராவினேன். சிங்கத்தின்மேல் அரம் வைக்க முதலில் கை வரவில்லை. போட்டதும் குற்றம், ராவுவதும் குற்றமோ என்று பயம். சிங்கம் போய், ரூபாய் போய், அந்தப் பக்கம் வெறும் வழவழப்பானது. நாங்கள் இருவரும் இருந்த பக்கத்தைத் தொடவில்லை. நடுவில் ஒரு கெட்ட எண்ணமும் வந்தது. ஒன்றை மட்டும் ராவாமல் ஆல்பத்தில் ஒளித்து வைத்தால், உலகத்திலேயே அது ஒன்றுதான் மிஞ்சும், நிஜமாகவே அரிய காசாகிவிடும். காசு சேர்க்கிறவர்களுக்கு இந்தப் பேய் பிடிப்பது சகஜம். ஐம்பத்தொன்பதாவதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு காபி குடித்து முடிக்கும் வரை யோசித்தேன். பிறகு அதையும் ராவினேன்.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது ரத வீதிக்குப் போனேன். அவர் தார்ப்பாயில் பூட்டுகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து டீக்கடையில் இரண்டு போலீஸ்காரர்கள் வடை தின்றுகொண்டிருந்தார்கள். நான் அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டேன்.

"வாங்கம்மா" என்றார், முகத்தைப் பார்க்காமலே.

"அறுபது ரூபாக் காசு ஒண்ணு ஒங்ககிட்ட..."

மாத்திரை டப்பாவிலிருந்து எடுத்தார். காசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி காசைப் பார்த்தார்.

"நீங்களாம்மா இது? இதுல செத்த மெலிஞ்சு தெரியுறீங்க."

"நாந்தான் அடிக்கச் சொன்னேன்."

"சிங்கமும் நீங்க சொல்லித்தானா?"

"ஆமா."

"சட்டம் தெரியும்லா ஒங்களுக்கு?"

"தெரியும்."

அவர் டீக்கடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "இது பொய்க் காசுன்னு பாய் சொன்னாரு. இன்னொரு தடவ கெட்ட பேரு எதுக்குன்னு நாளைக்கு ஸ்டேசன்ல குடுத்துரலாம்னு இருந்தேன்" என்றார். அவருடைய தார்ப்பாயின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எங்க வீட்டுக்காரவிய மூணு நாள்ல ரிட்டயர் ஆகுதாக. அவியளுக்கு ஒண்ணும் தெரியாது. அம்புட்டும் நான் செஞ்சதுதான்."

அவர் காசைப் பழைய பேப்பரில் பொதிந்தார். "நான் குடுத்தது நாப்பது ரூபா. அதக் குடுங்க போதும்" என்றார். கொடுத்தேன். பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டு, மறுபடி ஒரு பூட்டை எடுத்துக்கொண்டார்.

"அன்னைக்கு நெசமாவே தெரியாமத்தாம்மா வித்தேன். அன்னைக்குச் சாயங்காலமே அந்தத் தையக்காரம்மாவுக்குப் பணத்தத் திருப்பிக் குடுத்துட்டேன். அதச் சொல்லத்தான் அடுத்த மாசம் கூட்டத்துக்கு வந்தேன். படிக்கட்டுக்குக் கீழ ஒங்க நீலச் செருப்பு கெடந்துச்சு. பொறவு ஏறல, போயிட்டேன்."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மன்னிச்சிருங்க என்று சொன்னேன், அது தெரியும். தெரியாமல் செய்தவரைத் தெரிந்தே செய்தவள் படி இறக்கியிருக்கிறேன். பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. அழுது முடித்ததும், எத்தனையோ நாளாக அடைத்துக்கொண்டிருந்த மூச்சு விட்ட மாதிரி அப்படி ஒரு நிம்மதி.

மாதக் கடைசி நாள் சாயங்காலம் என் வீட்டுக்காரர் மாலையோடு வந்தார், கையில் ரிட்டயர்மெண்ட் ஆர்டர். வாங்கி இரண்டு தடவை படித்தேன், அரசாங்க முத்திரையையும் தடவிப் பார்த்தேன். பிறகு பிஸ்கட் டின்னை அவர் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் முகம் சிவந்தது. ராவின காசு ஒன்றை எடுத்து வழவழப்பான பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"முப்பத்தாறு வருசம் எங்கெங்கயோ போயித் திருடனப் புடிச்சேன். வீட்டுக்குள்ள இருந்தவள விட்டுட்டேனே" என்றார். என் கொப்புளம் வந்த விரலைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். மறுநாளே இருவரும் டின்னைத் தூக்கிக்கொண்டு, வாங்கினவர்களுக்கெல்லாம் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினோம். சித்தப்பா மட்டும் தன் காசை வாங்கியதும் மறுபடி அரிசியில் போட்டுப் பார்த்தாராம்.

ரத வீதிக்காரருக்கு என்று, அவரிடம் வாங்கிய அறுபதாவது காசையும் ராவி எடுத்து வைத்திருந்தேன். அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள் என்று பாயிடம் சொல்லி அனுப்பினேன். வருவேன் என்றும் அவர் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மாடி ஏறிவிட்டார்கள். "ஏம்மா, மேல வரலியா?" என்று பாய் எட்டிப் பார்த்துக் கேட்டார். நீங்கள் ஆரம்பியுங்கள் என்றேன். படிக்கட்டுக்குக் கீழே, செருப்பைக் கழற்றாமல், அவர் தெருமுனை திரும்பி எங்கள் பக்கம் வருகிற வரை நின்றுகொண்டிருந்தேன்.