பெக்கத்தில் கேட்ட செத்தவீட்டுப் பகிடி

2005 வசந்தத்தில், பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில், ஒரு சனிக்கிழமை பிளேஸ்டோவிலிருந்து பெக்கத்துக்குப் போனேன். லண்டனுக்குள்ளேயே ஒரு பயணமா என்று சிரிக்க வேண்டாம். ஒன்பது மைல்தான், ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பக்கம் போனதில்லை.

காரணம் நில்மினி. பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் பக்கத்துப் பக்கத்தில் இருந்து ஆப்பிரிக்க நாவல்கள் படித்தோம். அவள் கண்டிச் சிங்களத்தி. நான் யாழ்ப்பாணக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. நைஜீரியாவின் இனப் பிரச்சினையை மணிக்கணக்காகக் கதைப்போம். இலங்கையைப் பற்றி ஒரு சொல் கதைத்ததில்லை. அடுத்த மாதம் அவள் மெல்பேர்ன் போகிறாள். இப்படியே பிரிந்துவிடுவோமோ என்பதுதான் என் கவலை. அதனால், பெக்கத்தில் ஒரு வாசகர் வட்டம் இருக்கிறது, வருகிறாயா என்று அவள் கேட்டதும், நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான் உடனே சம்மதித்தேன்.

"ஆரோட போறாய்?" என்றார் அண்ணை.

"நில்மினியோட. புத்தகம் கதைக்கப் போறன்."

"மூண்டு வருசமாக் கதைச்சது காணாதே?"

பஸ்ஸில் போவதே மலிவு. ஒருநாள் பாஸ் அப்போது மூன்று பவுண். பார்க்கிங் ரோட்டில் 115 எடுத்து ஓல்ட்கேட்டில் இறங்கினேன். அங்கே நில்மினி நின்றாள். பிறகு 78; டவர் பாலத்தைத் தாண்டி நேரே பெக்கம். மொத்தம் ஒன்றரை மணித்தியாலம். அங்குள்ள கடைத்தெருவான ரை லேனில் மரவள்ளிக் கிழங்கு, வாழைக்காய், கருவாடு. கருவாட்டு மணம் மூக்கில் ஏறியதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைய புத்தகம் காம்பியாவிலிருந்து வந்த ஒரு நாவல். ஜோலா இனத்தவர் ஒருவர் இறந்துவிடுகிறார். செரேர் இனத்து அயலவன் வந்து, செத்தவரின் பாயில் படுத்துக்கொண்டு, "ஊர் அரிசியெல்லாம் தின்றுவிட்டு ஓடப் பார்க்கிறான், எழுப்புங்கள்" என்று கத்துகிறான். இது இன வெறுப்பின் உச்சம் என்று நடுங்கும் குரலில் சொன்னேன்.

வட்டத்தில் இருந்த வயதான இருவர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஃபாத்து அன்ரி செரேர், லமின் அங்கிள் ஜோலா, இருவருமே காம்பியாக்காரர். அவர்களும் நில்மினியும் ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் தமிழில் தருகிறேன்.

"பிள்ளை, நாங்கள் இவையளை என்னவும் சொல்லலாம். இவையள் கோபிக்கேலாது. அது பரம்பரை ஒப்பந்தம்," என்றார் ஃபாத்து அன்ரி.

"சோத்துப் பானைக்குள்ள தலையை விட்டவ சொல்றா, கேளுங்கோ," என்றார் லமின் அங்கிள்.

"பாத்தியே! இவர் செத்தாலும் நான்தான் போய்ப் பாயில படுக்க வேணும். அழுற வீட்டைச் சிரிக்க வைக்கிறது எங்கட கடமை."

எனக்கு முகம் சுட்டது. ஆனால் யோசித்தேன். நான் படித்த எத்தனையோ ஆப்பிரிக்க நாவல்களில் இரண்டு மொழிக்காரர் ஒரே முற்றத்தில் வாழ்கிறார்கள். சந்தையில் ஒருவர் தாயை ஒருவர் இழுத்துத் திட்டிவிட்டு, பிள்ளைப்பேற்றுக்கு ஓடிப்போய் நிற்கிறார்கள். போரைத் தேடிப் படித்த நான் அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டியிருந்தேன். சமாதானம் அங்கே உடன்படிக்கையாக வரவில்லை, வாயாடலாக வந்திருந்தது.

திரும்பும்போது 78இன் மேல்தட்டில் இருந்தோம். நான் வாங்கிய வாழைக்காய்ப் பொரியல் மடியில் இருந்தது.

"ஒரு துண்டு தரமாட்டாய் என்ன? யாழ்ப்பாணத்துக் கஞ்சப் பெட்டை," என்றாள் நில்மினி. சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

நான் பொரியல் பையை இறுக்கிப் பிடித்தேன். "தந்தா முழுக்க முடிச்சுப்போடுவாய். பலகாரம் தின்னவே பிறந்த சனம்தானே நீங்கள்!"

அவள் சிரித்த சிரிப்பில் முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். பிறகு சத்தமில்லாமல், "என்ர அண்ணா ஆமியில. மன்னாரில நிக்கிறான்," என்றாள்.

மன்னாரில்தான் என் மாமாவின் வீடு இருந்தது. அதைச் சொன்னேன். இருவரும் ஓல்ட்கேட்டில் இறங்கவில்லை. பஸ் கடைசித் தரிப்பான ஷோர்டிச்சில் நிற்கும்வரை கதைத்தோம்.

நீங்கள் போவதானால் சனிக்கிழமை காலையிலேயே போங்கள். மத்தியானத்துக்குப் பிறகு ரை லேனில் நடக்க ஏலாது. பஸ்ஸில் மேல்தட்டின் முன் இருக்கையைப் பிடியுங்கள். பேசாமல் வைத்திருக்கும் விஷயம் உள்ள ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

இந்த வருடம், 2009இல், செய்தி கேட்கவே முடியாதிருந்த ஒரு நாள் மெல்பேர்னிலிருந்து தொலைபேசி வந்தது. நில்மினி கேட்டாள்: "சாப்பிட்டியா, கஞ்சப் பெட்டை?"

அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.