ஒரு விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்ட விதம்

நகராட்சி அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், விண்ணப்பப் பிரிவில், ஹெட் கிளார்க்காக வீற்றிருந்த ஒரு மகானின் சரித்திரம் இது. அலுவலகத்தில் அவருக்கு வழங்கிய பட்டம் ‘பரிசீலனையார்’. கும்பிட்டுக்கொண்டே கூப்பிடுவார்கள். அது மரியாதையா கேலியா என்பதைக்கூட அவர் முடிவு செய்ததில்லை.

அவருடைய ஆயுதம் மூன்றே சொல்: ‘இஸ் பீயிங் கன்சிடர்ட்’. தெருவிளக்கு கேட்டவர், சாக்கடைக்கு மூடி கேட்டவர், பக்கத்து வீட்டு மரக்கிளையை வெட்டக் கேட்டவர், யாராயிருந்தாலும் ‘தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டு வருகிறது’ என்று பதில் போய்விடும். யார் பரிசீலிக்கிறார், எந்த நாற்காலியில் உட்கார்ந்து பரிசீலிக்கிறார் என்று அந்த வரிக்குள் சல்லடை போட்டுத் தேடினாலும் ஆள் அகப்படமாட்டார். பிறகு காகிதம் இடப்பக்கத் தட்டில் படுத்துக்கொள்ளும். ஆறு மாதத்தில் கேட்டவருக்கே அலுத்துவிடும், அல்லது வீடு மாறிப் போய்விடுவார், அல்லது மரமே விழுந்துவிடும்.

“பாத்தீங்களா, நாம கை வைக்காமலே ஒரு பைல் முடிஞ்சிருச்சு!” என்பார் டைப்பிஸ்ட் அம்மாளிடம்.

“உங்க ராசி சார். கை வச்சாத்தான் கெட்டுப்போகும்.”

கெட்டவர் இல்லை. முடியாது என்று சொல்லி ஒரு முகம் வாடுவதைப் பார்க்க அவரால் ஆகாது. சரி என்றால், ‘யார் சரி சொன்னது?’ என்று நாளைக்கு மேலிடத்தில் கேட்பார்களே, அதற்கும் ஆகாது.

அவருக்கு ஒரே மகள். ஒரு நாள் காலை, அவர் செருப்பு மாட்டும்போது ஒரு பாரத்தோடு வந்து நின்றாள்.

“அப்பா, கண் டெஸ்ட் பண்ற படிப்புக்கு இடம் கிடைச்சிருச்சு! சேர்க்கை பாரத்துல உங்க கையெழுத்து வேணும். பதினெட்டாம் தேதிக்குள்ள குடுத்துடணும்.”

“மேசை மேல வைம்மா. பாக்கலாம்.”

“பாக்கறதுக்கு என்னங்க இருக்கு? அது என்ன சாக்கடை மூடியா?” என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

“விஷயம் பரிசீலனையில இருக்குடி.”

அவருக்குச் சம்மதம்தான். டைப்பிஸ்ட் அம்மாளிடம் மகளைப் பற்றி அரைமணி நேரம் பீற்றிக்கொண்டாயிற்று. ஆனால் கேட்ட உடனே கையெழுத்துப் போட அந்தக் கைக்குப் பழக்கம் கிடையாது. பாரம் மேசையின் இடப்பக்கம், செய்தித்தாளுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. பன்னிரண்டாம் தேதி மகள் கேட்டாள். “ஆயிட்டிருக்கும்மா” என்றார். பதினாறாம் தேதி வாசற்படியில் வந்து நின்றாள். ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். மனுதாரர் ஓய்ந்துவிட்டார், இனி அவசரமில்லை என்று சொன்னது அவருடைய நீண்ட அனுபவம்.

இருபதாம் தேதி அவராகவே பாரத்தை எடுத்து, அழகாகக் கையெழுத்திட்டு, அரை நாள் லீவு போட்டுக் கல்லூரிக்கே கொண்டுபோனார்.

“அந்த இடத்துல அடுத்த பொண்ணு சேர்ந்தாச்சு சார்,” என்றாள் அங்கே சேர்க்கைப் பிரிவில் இருந்த பெண்.

“ரெண்டு நாள்தானேம்மா?”

“அந்த ரெண்டு நாளைக்கு முன்னாடி நீங்க வந்திருக்கணும்.”

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னார்: “கொஞ்சம் தாமதம் ஏற்பட்டுருச்சும்மா.”

“ஏற்பட்டுருச்சா?” அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “நீங்க வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன்ப்பா. ரெண்டு நாள் சாப்பிடாம கிடந்து ஜெயிச்சிருப்பேன். சண்டை போடக்கூட எனக்கு ஒண்ணும் குடுக்கலையே நீங்க.”

அவர் பாரத்தை மறுபடி மேசையின் இடப்பக்கம், செய்தித்தாளுக்கு அடியிலேயே வைத்தார்.

அடுத்த வருடம் மறுபடி எழுதிப் போட்டாள், இடம் கிடைக்கவில்லை. கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஏழு வருடம் ஓடியது. அவரும் ஓய்வு பெற்றார். எழுத்தெல்லாம் கலங்கித் தெரியவே, ஒரு நாள் மகளின் கடைக்குப் போனார். அவள் நாலைந்து பிரேம்களை எடுத்து அவர் முகத்தில் மாட்டிப் பார்த்து, காதோரம் வளைத்துச் சரிசெய்தாள்.

“இது எடுப்பா இருக்கு. உள்ள போய் டெஸ்ட் பண்ணிட்டு வாங்கப்பா.”

உள்ளே வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் இருந்தாள். மகள் வயதுதான் இருக்கும். கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டாள்.

“இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா? சட்டுன்னு சொல்லுங்க சார், ரொம்ப யோசிக்கக் கூடாது.”

வாயைத் திறந்தார். கதவுக்கு அப்பால் யாரோ ஒரு வாடிக்கையாளரிடம் மகள் பேசுவது கேட்டது: “டெஸ்ட் பண்றவங்க உள்ள இருக்காங்கம்மா. நான் பிரேம் மட்டும்தான்.”

சுவரிலிருந்த எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்தன. முதல் வரியின் மிகப் பெரிய எழுத்துகூடத் தெரியவில்லை.

“கண்ல தண்ணி வருதே சார்,” என்றாள் வெள்ளைக் கோட்டுப் பெண். “துடைச்சுக்கோங்க. மெதுவா சொன்னாப் போதும்.”