தண்ணீர் குடித்த சுண்ணாம்பு

சிராங்கூன் சாலைப் பக்கத்தை அந்தக் காலத்தில் நாங்கள் சுண்ணாம்புக் கம்பம் என்றுதான் சொல்வோம்; கம்பம் என்றால் மலாய்ப் பேச்சில் கிராமம். கடலிலிருந்து வந்த கல்லைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்குவார்கள். என் வீட்டுக்காரருக்கு அங்கே நீற்றுகிற வேலை. சுட்ட கல்லின்மேல் தண்ணீரைத் தெளித்தால் புகைந்து, வெடித்து, கொதித்து மாவாக உதிரும். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கை, பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தோல் போகும். அதனால் சூளைக்காரர் வீடுகளில் பிள்ளை நடக்கத் தொடங்கியதும் முதலில் சொல்லிக்கொடுப்பது, ஈரக் கையோடு சுண்ணாம்புப் பக்கம் போகாதே என்பதுதான். எங்கள் வீட்டில் அவர் அதைச் சொல்லிச் சொல்லி எனக்கே காது புளித்துவிட்டது.

அந்த வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடிக்க, கல் சுண்ணாம்பு வாங்கிவரச் சொல்லி நானே தொட்டியில் நீற்றினேன். கொதித்து அடங்கி, நன்றாக ஊறி, தயிர்போல் ஆகியிருந்தது. அடுக்களைச் சுவரில் பாதி அடித்துவிட்டு உலையைப் பார்க்கத் திரும்பினேன். ஐந்து வயது மகள் வெள்ளையடிக்கிற மட்டையை எடுத்து, தானும் அடிக்கிறேன் என்று வீசியிருக்கிறாள். வீலென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால், வலது கண்ணைப் பொத்திக்கொண்டு தரையில் உருளுகிறாள். விரல் இடுக்கெல்லாம் வெள்ளை.

அள்ளிக்கொண்டு தெருக் குழாயடிக்கு ஓடினேன். குழாயைக் கண்டதும் அவள் என் கழுத்தை இறுக்கிக்கொண்டாள். “தண்ணி வேணாம்மா! கொதிக்கும்மா!” என்று ஒரே கத்தல். அப்பன் சொல்லிக்கொடுத்தது எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது, பாருங்கள்.

மத்தியானச் சோற்றுக்கு வந்துகொண்டிருந்த அப்பனும் அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார்.

“அடியே, புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? சுண்ணாம்புல தண்ணிய ஊத்துறியே, கண்ணு வெந்துடும்டி! எண்ணெய எடுத்துட்டு வா!”

பக்கத்து வீட்டுப் பெண் இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். “அக்கா, தாய்ப்பால் பீச்சுறேன். கண்ணுக்குக் குளுமை.”

எனக்கு வைத்தியம் ஒன்றும் தெரியாது. கையில் சுண்ணாம்பு பட்டால் கழுவுகிறோம், கழுவாமல் விட்டால் அரித்துப் புண்ணாகிறது. கண் என்ன, கையைவிடக் கெட்டியா? அவ்வளவுதான் நான் யோசித்தது.

“இது நீத்துன சுண்ணாம்பு. நான்தானே நீத்துனேன்? குடிக்க வேண்டிய தண்ணியெல்லாம் அது குடிச்சாச்சு. இனி எங்கேருந்து கொதிக்கும்?”

“எதுவா இருந்தாலும் சுண்ணாம்பு சுண்ணாம்புதான்டி!” என்று அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதுவரை அவர் கையை நான் தட்டியதில்லை. அவர் திகைத்துப்போய் நின்றார். “உன் பாலை உன் பிள்ளைக்குக் குடு, இவ காலைப் பிடி” என்று அந்தப் பெண்ணை அதட்டினேன். பாவம், குழந்தையை இறக்கிவிட்டு மறுபேச்சில்லாமல் பிடித்தாள். நல்ல கண்ணுக்குத் தண்ணீர் போகாதபடி தலையைச் சாய்த்து, இமையை விரித்து, குவளை குவளையாக ஊற்றினேன். பிள்ளை என் தோளைக் கடித்தாள். கடிக்கட்டும் என்று விட்டேன்.

பிறகு ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண் போனால் உன்னால்தான் என்று அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை அவர் சொன்னதுதான் சரியோ? சுண்ணாம்போடு நாளெல்லாம் கிடக்கிறவருக்குத் தெரியாதது எனக்கு என்ன தெரிந்துவிடப்போகிறது? பெண்பிள்ளையின் கண்ணை நானே அவித்துவிட்டேனோ?

காயத்துக்கு மருந்து வைக்கிற டிரஸ்ஸர் தமிழர்தான். என்ன பட்டது, எப்போது பட்டது, என்ன போட்டீர்கள் என்று கேட்டார்.

“இவதான் தண்ணிய ஊத்திட்டா” என்றார் என் வீட்டுக்காரர், போலீசில் புகார் கொடுக்கிற மாதிரி.

டிரஸ்ஸர் மேலிமையைப் புரட்டினார். உள்ளே அரிசிக்குறுணை அளவுக்கு வெள்ளை ஒட்டியிருந்தது. ஈரப் பஞ்சால் அதை எடுத்துவிட்டு, மறுபடி தண்ணீரை ஊற்ற ஆரம்பித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“ஊத்துனது நல்லது. நிறுத்துனதுதான் தப்பு. வர்ற வழியெல்லாம் ஊத்திக்கிட்டே வந்திருக்கணும்மா.”

“நீத்தாத சுண்ணாம்பா இருந்தா?” என் வீட்டுக்காரர் விடவில்லை.

“தூளைத் தட்டிவிட்டுட்டு அதுக்கும் தண்ணிதான். கொஞ்சமா தெளிச்சாத்தான் கொதிக்கும். நெறைய ஊத்துனா சூடு நிக்குமா?”

சூளையில் புது ஆள் எவனாவது குடத்தைக் கவிழ்த்துவிட்டால், சுண்ணாம்பு மூழ்கிச் சூடேறாமல் போச்சே என்று அவனை வண்டை வண்டையாகத் திட்டுகிறவர் என் வீட்டுக்காரர்தான்.

கண்ணுக்குக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். மருந்து விடத் தினமும் வரச் சொன்னார்கள். பார்வை எப்படி என்று கேட்டால், “கருவிழியில வெள்ளை விழாம இருக்கணும், பார்ப்போம்” என்பதோடு சரி. கண் கட்டை ஒரேயடியாக அவிழ்க்கிற நாளில் அவரும் சூளையிலிருந்து நேராக ஓடிவந்தார். டிரஸ்ஸர் மகளின் நல்ல கண்ணைக் கையால் மூடினார்.

“எதிர்ல யாரு?”

அவள் வெளிச்சத்துக்குக் கூசிக்கூசிப் பார்த்தாள். “அப்பா.”

குரலை வைத்துச் சொல்லியிருப்பாளோ என்றால், அவர் மூச்சே விடவில்லை. இருந்தாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆள் தெரிவது பெரிதா என்ன, நிழல் மாதிரி தெரிந்தாலும் அப்பா என்று சொல்லிவிடுவாள்.

“அப்பா, மீசையில சுண்ணாம்பு” என்றாள்.

பார்த்தேன். இடது ஓரத்தில் ஒரே ஒரு பொட்டு. இவ்வளவு நேரம் பக்கத்தில் நின்ற என் கண்ணிலேயே அது படவில்லை. ஆஸ்பத்திரி என்றும் பாராமல் ஓவென்று அழுதுவிட்டேன்.

அவர் வெளியே குழாயடிக்குப் போனார். இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அள்ளி முகத்தைக் கழுவினார். பொட்டு எப்போதோ போய்விட்டது. அவர் கழுவிக்கொண்டே இருந்தார்.