அப்பாவுக்குப் போட்ட ஊசி

நீங்கள் நம்பமாட்டீர்கள், தெரியும். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன். கும்மிடிப்பூண்டியில் லேத் ஓட்டியவன் நான், அளந்து பார்த்ததைத் தவிர வேறெதையும் ஒத்துக்கொள்கிற பழக்கம் கிடையாது.

எழுபதுகளின் தொடக்கம். திருப்பாச்சூரில் நெல் பயிர் செய்துவந்த அப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய், வயது எழுபதுக்கு மேல். மெட்ராஸில் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, முற்றிவிட்டது, எடுக்க முடியாது என்று தைத்துவிட்டார்கள். இனி ஊசியும், கரண்ட் என்று சொல்கிற கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கலாம், ஆனால் இந்த வயதில் தாங்குவது கஷ்டம், வாந்தி வரும், வாய் புண்ணாகும், கரண்ட் வைத்த இடம் கருத்துப்போகும் என்றார் டாக்டர். சரி என்றேன். அம்மாவிடம் குடல்புண் என்று மட்டும் சொல்லி ஊரிலேயே இருக்கவைத்தோம்.

அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊசி போட்டுக்கொண்ட கையோடு இட்லி சாப்பிட்டார். டாக்டரே மருந்துப் புட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மாற்றுத்துணி எடுக்க ஒருநாள் காலையில் ஊருக்குப் போனால் அம்மா சுருண்டு படுத்திருக்கிறாள். விட்டு விட்டு வாந்தி, வாயெல்லாம் வெந்துபோய்க் கஞ்சிகூட இறங்கவில்லை என்றாள் என் மனைவி. என்றைக்கெல்லாம் என்று கேட்டேன். அவள் சொன்னதெல்லாம் அப்பாவுக்கு ஊசி போட்ட நாட்கள். குளிப்பாட்டும்போது பார்த்தாளாம், அத்தை வயிற்றில் கட்டம் போட்ட மாதிரி கருத்திருக்கிறதாம். அப்பா வயிற்றில் மையால் கட்டம் வரைந்துதான் கரண்ட் வைத்தார்கள், அதை ஊரில் யாரிடமும் நான் சொன்னதில்லை.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னாம்மா இது?" என்றேன்.

"மெதுவா பேசுடா. அவரு காதுல வுழுந்துச்சுன்னா அடுத்த ஊசி வேணாம்னுடுவாரு."

அப்பா முப்பது மைல் தள்ளி மெட்ராஸில் இருந்தார். ஊசி போடுகிற விஷயமே அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

அப்பா அடுத்த அறுவடைவரை இருந்தார், கடைசிவரை வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டார். அம்மா தேறிவிட்டாள். பிறகு எத்தனை முறை கேட்டும், "இன்னா கட்டம்?" என்று என்னையே திருப்பிக் கேட்பாள். அதைக்கூட ஏதோ தோல் வியாதி என்று ஒதுக்கிவிடுவேன். ஆனால் அம்மாவை அப்படிப் பார்த்த அன்று சாயங்காலமே பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன், அப்பா கட்டிலில் சாய்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே கேட்டார்.

"காலைல உங்கம்மாவாண்ட இன்னாடா குசுகுசுன்னு பேசிக்கினு இருந்த?"